ஒட்டகப் பாலும் அண்ணனுடைய எஸ்ஜிபிடியும்

கவரை முழுசாகப் பிரிக்கக்கூட இல்லை. பாதி வெளியே வந்த காகிதத்தில் அந்த ஒரு வரியை மட்டும் தேடிப் பிடித்துவிட்டு, "ஏட்டி, நாப்பத்தொண்ணு!" என்றான் அண்ணன். லேப் வாசலில் ஊசிக்குக் காத்திருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எஸ்ஜிபிடி என்பது ஈரல் செல் கெடும்போது ரத்தத்தில் கசிந்து ஏறுகிற ஒன்று. பிப்ரவரியில் 94 இருந்தது ஜூனில் 41. "தொண்ணூத்தி நாலு எப்படி எறங்கிட்டு பாத்தியா? ஒட்டகப் பாலு ஒட்டகப் பாலுதான்." அவன் முகத்தைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது, நானும் சிரித்தேன். அன்றைக்கே உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும். வேலை நெருக்கத்தில், சரி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அதனால் என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன லேபில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை. ரத்தம் எடுப்பது, அரை மணி நேரம் உறைய விடுவது, சென்ட்ரிஃப்யூஜில் பத்து நிமிடம் சுற்ற விடுவது, மேலே தெளிந்து நிற்கிற சீரத்தை மெஷினில் வைப்பது, வருகிற எண் நம்பும்படி இருக்கிறதா என்று பார்ப்பது, இதுதான் என் வேலை. எண் வருவதற்கு முன்னாலேயே சீரத்தின் நிறம் பாதிக் கதையைச் சொல்லிவிடும். நல்ல சீரம் வைக்கோல் நிறத்தில், டியூபுக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரிகிற அளவு தெளிவாக இருக்கும். காமாலைக்காரர்களுடையது மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி, முற்றினால் விளக்கெண்ணெய் மாதிரி. பிப்ரவரியில் அண்ணனுடைய டியூபை வெளியே எடுத்தபோது அரிசி கழுவிய கழுநீர்போலக் கலங்கி இருந்தது. விரல் தெரியவில்லை. கொழுப்பு. ட்ரைகிளிசரைடு 520. எடை 86 கிலோ. ஸ்கேனில் கிரேடு 2 ஃபேட்டி லிவர்.

அண்ணன் களக்காட்டில் வாழை போட்டிருக்கிறான். சாராயம், பீர் எதுவும் தொட்டதில்லை, அதனால் ஈரலில் கொழுப்பு என்றதும் அவனால் நம்பவே முடியவில்லை. "குடிக்கவனுக்குத்தானட்டி ஈரல் கெடும்?" இதை லேபில் வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். குடிக்காதவர்களுக்கும் வரும். தேவைக்கு மேல் தின்ற மாவும் சர்க்கரையும் கொழுப்பாக மாறி ஈரல் செல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அண்ணனுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் சாப்பாடு, அதுவும் கடையில் நாலு பரோட்டா, சால்னா, வாரத்தில் ஐந்து நாள். இது இருபது வருடப் பழக்கம்.

ஒட்டகப் பால் யோசனையைக் கொடுத்தது அவனுடைய கூட்டாளி, ஏர்வாடிக்காரர். அந்த ஊர் முஸ்லிம்கள் மூத்தவர்களைக் கூப்பிடுகிற மாதிரி அண்ணன் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான், நாங்களும் அப்படியே. சவூதியில் 14 வருடம் லாரி ஓட்டியவர். ரியாத்துக்குப் போகிற ரோட்டோரம் ஒட்டகத்தைக் கட்டி வைத்து அங்கேயே கறந்து கொடுப்பார்களாம், கறக்கும்போதே நுரை பொங்கி நிற்குமாம், ஒரு கிண்ணம் குடித்தால் மத்தியானம் வரைக்கும் பசிக்காதாம். காக்கா சொல்லக் கேட்டால் நமக்கும் குடிக்கத் தோன்றும். அவர் அதை மருந்து என்று சொன்னதே இல்லை. "அந்தக் காட்டுல அவங்களுக்கு அதுதாம்மா சோறு" என்பார். மருந்து என்று சொன்னது வாட்ஸ்அப்பில் வந்த வீடியோக்கள். ஈரலைக் கழுவும், கொழுப்பைக் கரைக்கும், காமாலையை வேரோடு எடுக்கும், இப்படி. அண்ணன் ஆன்லைனில் பவுடர் வாங்கினான். 200 கிராம் டப்பாவுக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். உள்ளே பத்து பொட்டலம், ஒன்றுக்கு ஒரு டம்ளர்.

நானும் குடித்துப் பார்த்தேன். லேசாக உப்புக் கரிக்கிறது, பசும்பாலைவிட இளசாக இருக்கிறது, கடைசி வாயில் மட்டும் ஒரு தனி வாசம். மதினி மிச்சம் இருந்ததில் உறை ஊற்றிப் பார்த்தாள். மறுநாளும் தயிர் கெட்டிப்படவில்லை, மோர்ப் பதத்திலேயே நின்றுவிட்டது. பவுடரில் ஏதோ கலப்படம் என்று மதினி சொன்னாள், கலப்படம் இல்லை. பாலைத் திரளவிடுகிற கப்பா கேசின் என்கிற புரதம் ஒட்டகப் பாலில் ரொம்பக் கம்மி. பசும்பாலில் இருக்கிற பீட்டா லாக்டோகுளோபுலின் இதில் கிடையாது, அதனால் பசும்பால் ஒவ்வாத சில குழந்தைகளுக்கு இது ஒத்துக்கொள்கிறது. வைட்டமின் சி பசும்பாலைப்போலச் சுமார் மூன்று மடங்கு. காயோ பழமோ முளைக்காத பாலைவனத்தில் அது சின்ன விஷயம் இல்லை. இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிற லாக்டோஃபெரின் என்ற புரதமும் கூடுதல். ஆக இது நல்ல உணவுதான், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

அது விற்க வேண்டும் என்றுகூட ஆசைப்படுகிறேன். ராஜஸ்தானில் ரைகா சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் வளர்க்கிறவர்கள். டிராக்டரும் ரோடும் வந்த பிறகு ஒட்டகத்துக்கு வேலை இல்லாமல் போனது, மேய்ச்சல் நிலமும் சுருங்கியது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க நாலு லட்சமாக இருந்த ஒட்டகம் 2019இல் இரண்டரை லட்சமாகக் குறைந்துவிட்டது. 2014இல் ராஜஸ்தான் அரசு அதை மாநில விலங்கு ஆக்கியும் எண்ணிக்கை ஏறவில்லை. 2019இல் அமுல் நிறுவனம் கட்ச் பகுதி ஒட்டகப் பாலைப் பாட்டிலில் விற்க ஆரம்பித்தபோது, பால் காசானால் ஒட்டகம் பிழைக்கும் என்று ஒரு நம்பிக்கை வந்தது. பால் என்று சொல்லி விற்கட்டும், நான் வாங்குவேன். ஈரல் மருந்து என்று சொல்லி விற்கும்போதுதான் என் மேஜைக்கு அந்த டியூப் வருகிறது.

ஈரலுக்கு நல்லது என்ற பேச்சு ஒன்றும் இல்லாததிலிருந்து கிளம்பவில்லை, அதையும் சொல்ல வேண்டும். சவூதி, எகிப்து, சீனா எல்லா இடத்திலும் ஆய்வு நடந்திருக்கிறது. எலிகளுக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற ரசாயனத்தைக் கொடுத்து ஈரலைக் கெடுத்து, ஒரு பகுதிக்கு மட்டும் ஒட்டகப் பால் கொடுத்தார்கள். அந்த எலிகளுக்கு எஸ்ஜிபிடி அவ்வளவாக ஏறவில்லை. சாராயம் கொடுத்த எலிகளிடமும், கொழுப்புத் தீனி கொடுத்து ஈரலைக் கொழுக்க வைத்த எலிகளிடமும் ஏறக்குறைய இதே மாதிரி முடிவு. படிக்கும்போது நம்பிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் எப்படிக் கொடுத்தார்கள் என்று கவனிக்க வேண்டும். சில ஆய்வுகளில் எலிக்குத் தண்ணீரே கிடையாது, தாகத்துக்கும் ஒட்டகப் பால்தான். அப்புறம், எலியின் ஈரல் சில வாரத்தில் விஷத்தால் கெட்டது. அண்ணனுடையது இருபது வருடம் பரோட்டாவால் கெட்டது. ராத்திரி ஒரு டம்ளர் பாலை இதோடு எப்படி ஒப்பிடுவது? மனிதர்களை வைத்து நடந்தவை சின்னச் சின்ன ஆய்வுகள், ஒரு சிகிச்சை என்று கைகாட்ட அது போதாது.

எகிப்து கதையை நான் லேபுக்கு வருகிறவர்களிடம் அடிக்கடி சொல்வேன். அங்கே 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை, நத்தை வழியாகப் பரவுகிற ஒரு புழுநோய்க்கு ஊர் ஊராக ஊசி போட்டார்கள். கண்ணாடி சிரிஞ்ச், சரியாகக் கொதிக்க வைக்காமல் ஆள் மாற்றி ஆள் குத்தியதில் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் லட்சக்கணக்கானவர்களுக்குப் பரவிவிட்டது. அப்படி ஒரு வைரஸே 1989இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது, யாரைக் குற்றம் சொல்ல. அந்த நாட்டில்தான் ஒட்டகப் பாலின் லாக்டோஃபெரினை எடுத்து, ஆய்வகத்தில் செல்களோடு சேர்த்து வைத்து, அது சி வைரஸைத் தடுக்கிறது என்று காட்டினார்கள். நல்ல ஆராய்ச்சி. ஆனால் அந்த நாட்டைக் காப்பாற்றியது மாத்திரை. 2014இல் புது மாத்திரைகள் உள்ளே வந்தன, பெரும்பாலானவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் போதும். 2018இல் தொடங்கிய பெரிய இயக்கத்தில் சுமார் ஐந்து கோடிப் பேருக்கு ரத்தம் சோதித்தார்கள். 2023இல் சி வைரஸை ஒழிக்கும் பாதையில் தங்கத் தகுதி என்று உலக சுகாதார நிறுவனம் அந்த நாட்டை அறிவித்தது. ஒட்டகமும் அதன் பாலும் பழக்கப்பட்ட நாடு அது. தங்கள் ஜனத்துக்கு அவர்கள் கொடுத்தது மாத்திரைதான்.

நம்ம பக்கத்துக் கதையும் ஒன்று இருக்கிறது. கீழாநெல்லி. எங்கள் ஆச்சி வயக்காட்டு வரப்பிலிருந்து பிடுங்கி வந்து, வேரோடு கழுவி, அம்மியில் வைத்து அரைப்பாள். கோலிக்குண்டு அளவு உருட்டி மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுப்பாள். பத்து வயதில் எனக்குக் காமாலை வந்து அதைக் குடித்தேன், அந்தப் பச்சைக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. மூன்று வாரத்தில் கண் வெளுத்தது. கீழாநெல்லி கேட்டுவிட்டது என்றார்கள். பிற்பாடு படிக்கும்போதுதான் தெரிந்தது, குழந்தைகளுக்குத் தண்ணீரால் வருகிற ஏ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே போய்விடும். ஓய்வு, கஞ்சி, எண்ணெய் இல்லாத சாப்பாடு, இதெல்லாம் ஆச்சி சேர்த்தே கொடுத்தாள். பெயர் மட்டும் பச்சிலைக்குப் போனது.

இதை வைத்துப் பச்சிலையைத் தள்ளிவிடவும் நான் தயாராக இல்லை. 1988இல் சென்னையில் தியாகராஜன் குழுவினர் கீழாநெல்லியை ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உள்ளவர்களுக்கு முறையாகக் கொடுத்துப் பார்த்து, லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். மருந்து குடித்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெத்து மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பிளம்பர்க்கும் அந்தக் கட்டுரையில் ஒரு ஆசிரியர். உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்த மாதிரி முடிவு வரவில்லை. எவ்வளவு பெரிய நம்பிக்கை, எவ்வளவு ஒழுங்காகச் செய்த சோதனை, அதற்கே இந்தக் கதி. ஒட்டகப் பால் இன்னும் அந்தப் படிக்கே வரவில்லை.

அண்ணனுடைய 41க்கு வருகிறேன். பால் குடித்தால் ராத்திரி வேறெதுவும் சாப்பிடக்கூடாது என்று எந்த வீடியோவிலோ பார்த்திருக்கிறான். அதனால் எட்டு மணிக்கு ரெண்டு இட்லி, ஒன்பது மணிக்கு ஒட்டகப் பால், அதோடு சரி. பரோட்டாக் கடைப் பக்கம் போகவே இல்லை. ஆயிரம் ரூபாய் போட்டு வாங்கியது வீணாகிவிடக்கூடாது என்று விடிகாலையில் தலையணைத் தடுப்பணைக்குப் போகிற ரோட்டில் நடக்கவும் ஆரம்பித்தான். ஜூனில் எடை பார்த்தேன், 79. ஏழு கிலோ, அதாவது உடம்பில் எட்டு சதவீதம். உடல் எடையில் ஐந்து சதவீதம் குறைந்தால் ஈரல் கொழுப்பு இறங்கும், ஏழிலிருந்து பத்து சதவீதம் குறைந்தால் ஈரலின் அழற்சியும் தணியும். இது மனிதர்களிடம் திரும்பத் திரும்பப் பார்த்த உண்மை. அவன் சீரம் அன்றைக்குக் கழுநீராக இல்லை, வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது, டியூபுக்குப் பின்னால் என் விரல் நன்றாகத் தெரிந்தது. செய்தவன் அவன். அந்த நடையும், விட்ட பரோட்டாவும். அவனோ எல்லாவற்றையும் தூக்கிப் பால் டப்பாவுக்குக் கொடுத்துவிட்டான், கொடுத்ததோடு நிற்காமல் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லவும் செய்தான்.

நாங்குநேரியில் மதினியின் அப்பா இருக்கிறார், எனக்கு மாமா முறை. ஆறு வருடமாக ஹெபடைட்டிஸ் பி. தினம் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை. பி வைரஸ் ஈரல் செல்லின் உட்கருவுக்குள்ளேயே போய்ப் பதுங்கிக்கொள்ளும், மாத்திரையால் அதை அடக்கி வைக்கத்தான் முடியும். வருஷக் கணக்கில் அடங்கியே கிடந்தால் வியாதி போய்விட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். மாமாவுக்கும் தோன்றியிருக்கிறது. அண்ணன் இரண்டு டப்பா கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான், பாசத்தில்தான் கொடுத்தான். மாத்திரையை நிறுத்து என்று அவன் சொல்லவே இல்லை. மாமாவாகவே நிறுத்திவிட்டார். "மாப்பிள்ளைக்குக் கேட்டுச்சு, எனக்குக் கேக்காதா?" என்று மதினியிடம் சொன்னாராம். இரண்டுமே ஈரல், அதனால் இரண்டும் ஒரே வியாதி என்று நினைத்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம் மதினி அவரை ஆட்டோவில் வைத்துக் கூட்டி வந்தாள். கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அமுக்கினேன், ஐந்து நிமிடம் ஆகியும் ரத்தம் நிற்கவில்லை, பஞ்சு மாற்றினேன், மறுபடி மாற்றினேன். ரத்தம் உறைய வைக்கும் சத்துகளை உண்டாக்குவது ஈரல்தான், அது தளர்ந்தால் இப்படித்தான். சென்ட்ரிஃப்யூஜ் நின்று மூடியைத் திறந்தபோது அவர் டியூப் மட்டும் தனியாகத் தெரிந்தது, அத்தனை வைக்கோல் நிறத்துக்கு நடுவில் விளக்கெண்ணெய். எஸ்ஜிபிடி 780. காமாலையின் மஞ்சளைக் காட்டுகிற பிலிருபின் 9. மெஷின் தப்பாகக் காட்டுகிறதோ என்று இன்னொரு தடவை ஓட்டினேன். அதேதான். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கிக் கிடந்த வைரஸ் சீறி எழும், ஆளையே கொண்டுபோய்விடும். அன்று ராத்திரியே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். 16 நாள். மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள், எப்படியோ தேறி வந்தார். அண்ணன் அந்த 16 நாளும் வராந்தாவிலேயே கிடந்தான். யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் என்னையே சொல்லிக்கொண்டேன், ஜூனில் அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்கியிருக்கலாமே என்று.

அதற்கப்புறம் யார் கேட்டாலும் நேரம் எடுத்துச் சொல்கிறேன். வசதி இருந்தால் குடிங்க, காய்ச்சிக் குடிங்க. பச்சையாகக் கறந்த பால் வேண்டவே வேண்டாம், அதில் புருசெல்லா காய்ச்சல் வரும். 2012இல் சவூதியில் கண்டறியப்பட்ட, ஒட்டகத்திடமிருந்து மனிதருக்குத் தொற்றி நுரையீரலைத் தாக்குகிற மெர்ஸ் வைரஸுக்குப் பிறகு, சர்க்கரை நோய், கிட்னி, நுரையீரல் கோளாறு, எதிர்ப்புச் சக்திக் குறைவு உள்ளவர்கள் பச்சை ஒட்டகப் பால் குடிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. உங்கள் ஈரலுக்கு என்ன கோளாறு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கொழுப்பா, பி வைரஸா, சி வைரஸா, சாராயமா, ஒவ்வொன்றுக்கும் வழி வேறே. 2018இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் சோதனையும் மாத்திரையும் இலவசம். எஸ்ஜிபிடி இறங்கியதை மட்டும் வைத்துத் தீர்ந்தது என்று முடிவு கட்டாதீங்க, ஈரல் முழுக்கத் தழும்பாகி, கசிவதற்குச் செல்லே மிச்சம் இல்லாதபோதும் அந்த எண் இறங்கும். 35ஐக் காட்டிச் சிரித்தபடி போனவரின் வயிற்றில் நீர் கோத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் இன்னமும் நடக்கிறான். டப்பா தீர்ந்ததும் மறுபடி வாங்கவில்லை, இப்போது ஒன்பது மணிக்குச் சும்மா ஒரு டம்ளர் மோர். எடை 78.

மாமா போன செவ்வாய்க்கிழமை மாதாந்திரச் சோதனைக்கு வந்தார். பஞ்சு வைத்த கையை மடக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, அதில் எத்தனை காலி என்று எனக்கு எண்ணிக் காட்டினார். நான் கேட்கவே இல்லை. அப்புறம் தயங்கித் தயங்கி, "ஏம்மா, பாலு வேண்டாம், விட்டுட்டேன். கருப்பட்டிக் காப்பி ஒண்ணு குடிக்கலாமா?" என்றார்.

"தாராளமாக் குடிங்க மாமா. காப்பி குடிக்கவங்களுக்கு ஈரல்ல தழும்பு விழுறது கம்மின்னு மனுசங்களை வச்சே நெறைய பாத்திருக்காங்க. கருப்பட்டியை மட்டும் கொஞ்சமாப் போடச் சொல்லுங்க."

"கொஞ்சம்னா?"

நெல்லிக்காய் அளவுக்கு விரலைச் சேர்த்துக் காட்டினேன். அவர் அதையும்விடக் கொஞ்சம் பெரிதாகக் காட்டினார்.